ஜோடியும் ஒத்தையும்

இன்னும் அரை பாட்டில் தண்ணீர் பாக்கி இருந்தது. கோகிலவாணி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். வயிறு முட்ட இருந்தால்தான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும், குடித்து முடியுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போய் இருபது நிமிஷம் ஆயிற்று. முதல் பாட்டில் சுலபமாக இறங்கிவிட்டது. இரண்டாவதில் பாதிக்கு மேல் தொண்டை வாங்க மறுக்கிறது. அடிவயிறு கல்லாகக் கனக்கிறது. அந்தக் கனம்கூட பக்கத்து நாற்காலிக்காரியுடையது என்பதுபோலக் கொஞ்சம் எட்டத்தில்தான் இருக்கிறது. அவள் டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது பதினொன்று. நடுவே ஐந்து பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வயிற்றில் மூன்று இருக்கின்றன. மூன்றும் பன்னிரண்டு வாரம். இவள் உயரத்துக்கும், இவள் கர்ப்பப்பையில் நான்கு வருஷம் முன்னால் கட்டி எடுத்த தழும்புக்கும், இப்போதே எகிறுகிற பிரஷருக்கும் மூன்றைச் சுமக்க முடியாது, சுமந்தால் ஒன்றும் மிஞ்சாது, நீங்களும் மிஞ்சுவீர்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று டாக்டர் அம்மா சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. குறைக்க வேண்டும். ஒரே பைக்குள் இருக்கும் ஜோடியை வைத்துக்கொள்வதா, தனிப் பையில் இருக்கும் ஒத்தையை வைத்துக்கொள்வதா. சொல்லிப் பார்த்தால் உழவர் சந்தையில் நின்றுகொண்டு பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. சேலத்து வெயில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கொளுத்திக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் ஏசியில் கால் விரல்கள் விறைத்தன. எதிர்ச் சுவரில் இந்த மருத்துவமனையில் கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிவிக்கப்படமாட்டாது, கேட்பதும் குற்றம் என்று பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. அதை அவள் இன்றைக்கு நாற்பது தடவையாவது படித்திருப்பாள். கண்ணுக்கு வேறு வேலையில்லை.

ஒன்பது நாள் முன்னால் டாக்டர் ஹேமலதா மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இது ஒரு பை, இதுக்குள்ள ஒண்ணு. இது இன்னொரு பை, இதுக்குள்ள ரெண்டு. "நாம வெச்சது ரெண்டு கருதான் கோகிலா. அதுல ஒண்ணு உள்ள போனப்புறம் தானாவே ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. அதனால இந்த ரெண்டும் ஒரே மாதிரி. ஒரே நஞ்சுக்கொடியில சாப்பிடுதுங்க." பேனா முனை அந்தக் குட்டி வட்டங்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. ஜோடியில் ஒன்றை மட்டும் எடுக்க இங்கே வழியில்லை, ரத்த ஓட்டம் ஒன்று என்பதால் ஒன்றுக்குப் போடும் மருந்து மற்றதுக்கும் போய்விடும். எடுத்தால் இரண்டுக்கும் ஊசி போட்டு இரண்டையும், இல்லையென்றால் ஒத்தையை. ஜோடியை வைத்துக்கொண்டால் ஒன்றின் ரத்தத்தை மற்றது இழுத்துக்கொள்கிற ஆபத்து உண்டு, பாதியில் இரண்டும் போகலாம். என்னைக் கேட்டால் ஒத்தையை வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஆனால் முடிவு உங்களுடையது. இவ்வளவையும் டாக்டர் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். கோகிலாவுக்கு அப்போது மனசில் ஓடியதெல்லாம் அந்த மருந்துச்சீட்டின் முன்பக்கத்தில் என்ன எழுதியிருக்கும், சத்து மாத்திரையா, அதைத் திருப்பிக் கொடுப்பார்களா மாட்டார்களா என்பதுதான். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டு உதடு தடித்துக் கிடக்குமே, கிள்ளினாலும் யார் உதட்டையோ கிள்ளுகிற மாதிரி, அப்படி முழு உடம்பும் தடித்துப் போயிற்று. ஒன்பது நாளாக அது இறங்கவில்லை. சோறு பொங்கினாள், சாப்பிட்டாள், தலைக்கு ஊற்றிக்கொண்டாள், வேலை பார்க்கிற கோழிக்குஞ்சு ஹேச்சரிக்கு லீவு சொன்னாள், எல்லாம் நடந்தது. புருஷன் ஈஸ்வரமூர்த்திதான் அழுதான். பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றபடி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதான், பார்த்தவர்கள் யாருக்கோ சாவு என்று நினைத்து உட்கார இடம் விட்டார்கள். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். முதுகைத் தடவிக் கொடுத்தாள். தடவிய கை அவளுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

அவனும் பாவம், ஆசைப்பட்டுத்தான் கேட்டான். அதுதான் வினை. முதல் தடவை வெளியே வளர்த்த மூன்றாம் நாள் கருவை உள்ளே வைத்தார்கள், தங்கவில்லை. இரண்டாம் தடவைக்கு வரும்போது ஈஸ்வரமூர்த்தி செல்போனில் படித்துப் படித்துப் பாதி டாக்டராக ஆகியிருந்தான். வேலையும் அப்படி. ஹேச்சரியில் அடைகாக்கும் மெஷினுக்கு அவன்தான் பொறுப்பு. சூடு அரைப் புள்ளி கூடினாலும் குறைந்தாலும் தூக்கத்தில்கூட எழுந்து உட்காருகிறவன். முட்டை விஷயத்தில் தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது என்கிற மிதப்பு. கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று அங்கே இன்னமும் சத்தியம் பண்ணுகிற ஆட்கள் உண்டு, அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவன் இவன். சிரித்தவனே டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "ஏனுங்க டாக்டர், கருவ அஞ்சு நாள் வரைக்கும் உங்க மெஷின்லயே வெச்சிருந்து அப்புறமா உள்ள வெச்சா பையன் அதிகமுங்களாமே?" என்று கேட்டான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சில ஆய்வுல கொஞ்சம் அதிகமா வருதுன்னு எழுதியிருக்காங்க. வேகமா வளர்றதப் பாத்து எடுத்து வெக்கிறோம், ஆண் கரு கொஞ்சம் வேகமா வளருதோ என்னமோன்னு ஒரு யூகம். ஊசியால விந்தணுவ முட்டைக்குள்ள செலுத்துற முறையில பொண்ணு பக்கம் சாயுதுன்னும் எழுதியிருக்காங்க. ஆயிரம் ஆயிரமா எண்ணினாத்தான் அந்த வித்தியாசமே கண்ணுக்குத் தெரியும். உங்க வீட்டுல என்ன பொறக்கும்னு அது சொல்லாது. அதுக்காகத்தான் அஞ்சு நாள் வேணும்னா வேற இடம் பாருங்க." ஐயய்யோ அதுக்கில்லீங்க, கரு தெம்பா இருக்கட்டும்னுதான் என்று அவன் குழைந்தான். தெம்புக்கும் ஐந்தாம் நாள் நல்லதுதான் என்று டாக்டரும் ஒத்துக்கொண்டார். ஒன்றுக்கு இரண்டாக வைக்கச் சொன்னதும் அவன்தான். ஒன்று பெண்ணாகப் போனாலும் இன்னொன்று இருக்குமே என்று வெளியே வந்து இவள் காதில் சொன்னான். ஐந்து நாள் வளர்த்து வைத்தால் கரு இரண்டாகப் பிரிகிற வாய்ப்பும் கொஞ்சம் கூடும் என்பதை டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அது அவன் காதில் ஏறவில்லை. இவள் காதிலும்தான். இரண்டு மூன்றானது இப்படித்தான்.

மூன்றானதும் அவன் கணக்கு மாறிவிட்டது. அஞ்சு நாள் மெஷினில் நின்று, உள்ளே வந்தும் ஓயாமல் ரெண்டாப் பிரியிற தெம்பு இருக்குது பாரு, அது ஆம்பளத் தெம்பு அம்மிணி, ஜோடி ரெண்டும் பையனுங்கதான், நீ வேணா பாரு என்கிறான். டாக்டரிடம் சுற்றி வளைத்துக் கேட்டதற்கு, ஒரே கரு பிரிந்து வருகிற ரெட்டையில் பொதுவாகப் பெண்தான் ஒரு பிடி அதிகம் என்றும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் உங்களுக்கு இது எதற்கு என்று அவர் முகம் சுளித்தார். அவன் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் அக்கா, கோகிலாவுக்கு நங்கை, போன் பண்ணினாள். கெட்டவள் இல்லை. இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சொல் குத்திப் பேசியதில்லை, மாதுளம்பழம் கொடுத்தனுப்பிக்கொண்டே இருப்பாள். "எனக்கென்னமோ ஜோடிய விட மனசு வரலீங் கோகிலா, சாமி ரெட்டப் படி அளந்திருக்குதே" என்று மட்டும் சொல்லிவிட்டு விசும்பினாள். ஆக ஜோடிக்கு இரண்டு ஓட்டு. ஒத்தைக்கு டாக்டர் ஓட்டு ஒன்று. ஓட்டுப் போடாமல் இருப்பது இவள் மட்டும். தண்ணீரில் ஒரு வாய் குடித்தாள். பிளாஸ்டிக் வாசம் அடித்தது. உள்ளே பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வலது கை சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்து விரித்து, தேய்த்து விரித்து, மூடியை விட்டுவிட்டுக் காற்றில் எதையோ பிரித்துக்கொண்டிருந்தன. பதினோரு வருஷப் பழக்கம். காலையில் பொரித்த முட்டைக்கோழிக் குஞ்சுகள் டிரே டிரேயாக மேஜைக்கு வரும். இடது கையில் எடுத்து, வலது கையால் இறக்கையை விசிறி மாதிரி விரித்தால் தெரிந்துவிடும். மேல் வரிசை குட்டையாக, கீழ் வரிசை நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் சமமாக நின்றால் சேவல். பெட்டை வலது பெட்டிக்கு, சேவல் இடது பெட்டிக்கு. மணிக்கு இரண்டாயிரம் பார்ப்பாள், நூற்றுக்கு ஒன்று தப்பினால் அதிகம். பக்கத்து மேஜைக்காரியோடு நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்ப்பாள், கண்ணே வேண்டாம், விரலுக்கே தெரியும். வலது பெட்டி பண்ணைக்குப் போகும், தடுப்பூசி, தீனி, பிறகு முட்டை. இடது பெட்டியைச் சாயங்காலம் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். பின்கட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும், எல்லாருக்கும் தெரியும், அவள் ஒரு நாளும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. முட்டை போடாத உயிருக்கு அந்த மேஜையில் மரியாதை இல்லை, அவ்வளவுதான், சேவலாகப் பிறந்தது அதன் தலையெழுத்து. வீட்டுக்கு வந்தால் அதே ஊரில், அதே ஆட்களிடம் கணக்கு அப்படியே தலைகீழ். இதை நினைத்து ஒரு காலத்தில் அவள் சிரித்ததுண்டு, ஈஸ்வரமூர்த்தியிடமே சொல்லிச் சிரித்திருக்கிறாள், அவனும் சேர்ந்து சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை, பயமும் சரியாக வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் காலைச் சுற்றுகிறது. அங்கே பிரித்துப் பிரித்துத்தான் இந்தத் தடிப்பு வந்ததா, அப்படிப் பழகிய கை என்பதால்தான் இதற்கும் தன்னை உட்கார வைத்திருக்கிறார்களா. சேச்சே, குஞ்சு வேறு இது வேறு, கிறுக்கு மாதிரி நினைக்காதே என்று தன்னையே அதட்டினாள். அதட்டல் கொஞ்ச நேரம் நின்றது. அங்கேயாவது இறக்கையை விரித்துப் பார்க்கலாம், இன்னது என்று தெரிந்துகொண்டு போடலாம். இங்கே எதுவும் தெரியாமல் போட வேண்டும். தெரிந்தால் மட்டும் சுலபமா. தெரிந்தால் இன்னும் கேவலம். தெரியாததுதான் நல்லது. எதற்கு நல்லது, யாருக்கு நல்லது, மறுபடியும் முதலிலிருந்து.

பதின்மூன்று போயாயிற்று. நர்ஸ் ஒரு அட்டையில் காகிதம் செருகிக் கொண்டுவந்து நீட்டினாள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போடுகிற கையெழுத்துதான். கோகிலவாணி ஆகிய நான், எனக்குள் இருக்கும் கருவின் பாலினத்தைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று உறுதி கூறுகிறேன். இதுவரை நாலைந்து தடவை போட்டிருக்கிறாள், படிக்காமலே போட்டாள். இன்றைக்குப் படித்தாள். விரும்பவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். உண்மையிலேயே விரும்பவில்லையா? விரும்புகிறாளா? பையன் வேண்டும் என்று அவள் எப்போதாவது ஆசைப்பட்டாளா? தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றையும் காணோம். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஆசைப்பட்டது ஏதோ ஒரு குழந்தைக்கு. ஆறாம் வருஷம் நாள் தள்ளிப் போவதற்கு. பத்தாம் வருஷம் சீமந்தத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்க ஒரு நல்ல சாக்குக்கு. ஆணா பெண்ணா என்று ஆசைப்படுகிற அளவுக்கு அவளுக்கு யாரும் எதையும் கையில் கொடுக்கவில்லையே. அது வயிறு நிறைந்தவர்கள் படுகிற ஆசை. "என்னங்க்கா, கையெழுத்து மறந்துபோச்சா?" என்று நர்ஸ் சிரித்தாள். போட்டுக் கொடுத்தாள். கோணலாக வந்தது. ஈஸ்வரமூர்த்தி கீழே காபி குடிக்கப் போயிருந்தான், போகும்போது அவள் செருப்பை நாற்காலிக்கு அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு, ஏசி குளிருமே என்று தன் துண்டை அவள் காலுக்குப் போர்த்திவிட்டுத்தான் போனான். நல்லவன். சத்தியமாக நல்லவன். அதுவும் ஒரு கஷ்டம்.

பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருத்தி வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயசு, தலை நிறையப் பூ, கையில் முறுக்குப் பொட்டலம். வயிறு ஆறு மாசத்துக்கு எட்டு மாசம் மாதிரி இருந்தது. பெயர் பவித்ரா, ஊர் ஆத்தூர் என்பதெல்லாம் கேட்காமலே வந்து விழுந்தன. "எனக்கு ரெட்டக்கா. மூணு வருசம் மாத்திரை, ஊசின்னு அலைஞ்சு ஒரே அடியில ரெண்டு! எங்க வூட்டுக்காரரு பேரே வெச்சுட்டாரு, ரெண்டு பையன் பேரு, ரெண்டு பொண்ணு பேரு, ஆக மொத்தம் நாலு. எது வந்தாலும் ரெண்டு பேரு வீணாத்தான் போவும், அதையும் அடுத்த தடவைக்கு வெச்சுக்கலாம்னு சொல்றாரு, எப்பிடி இருக்கு கதை!" அவள் சிரித்த சிரிப்பில் முறுக்குத் தூள் தெறித்தது. கோகிலாவும் சிரித்தாள், அல்லது முகம் சிரித்தது. பவித்ரா முறுக்கை நீட்டினாள். வேண்டாம், தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள். "ஆமாமா, அந்தத் தண்ணி ரோதன வேற. உங்களுக்கு எத்தனக்கா? ஒண்ணா, எங்கள மாதிரி ரெட்டையா?"

"ஒண்ணுதான்" என்றாள் கோகிலா.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மூன்று என்றும் சொல்லவில்லை, ரெட்டை என்றும் சொல்லவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவள் யோசிக்கவும் இல்லை, கேட்டதும் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. ஒண்ணா, அதுவும் நல்லதுதான்க்கா, ஒழுங்கா பாத்துக்கலாம், ரெண்டுன்னா ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சுக்குமாம் என்று பவித்ரா பேசிக்கொண்டே போனாள். கோகிலா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். ஒண்ணுதான் என்று சொன்னபோது மற்ற இரண்டும் கேட்டிருக்குமோ? பன்னிரண்டு வாரத்தில் காது இருக்குமா? காது இருக்கிற இடத்தில் குழிதான் இருக்கும் என்று எங்கோ படித்த ஞாபகம். கேட்காது. கேட்டிருந்தாலும் அதுகளுக்குத் தமிழ் தெரியாது. இப்படியெல்லாம் புத்தி போவதைப் பார்த்து, நமக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அமைதியாக நினைத்துக்கொண்டாள். ஜோடி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஒரே பையாச்சே. போகும்போது சேர்ந்து போகும். ஒத்தைக்கு அந்தத் துணை இல்லை, அதை எடுத்தால் அது தனியாகப் போகும். இதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி தோன்றியது. நியாயம் இல்லை, சாக்கு என்றும் தோன்றியது. சாக்கு என்றாலும் கையில் பிடிக்க ஒன்று. நர்ஸ் பதினாறைக் கூப்பிட்டாள். கோகிலா மிச்சத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துக் காலி பாட்டிலைக் கீழே வைத்தாள். ஈஸ்வரமூர்த்தி வந்துவிட்டான். மீசையில் காபி நுரை ஒட்டியிருந்தது. "அம்மிணி, தெகிரியமா இரு. நான் பேசிக்கறேன்" என்றான்.

அவன்தான் பேசினான். உள்ளே போய் உட்கார்ந்ததும், "ரெட்டையே இருக்கட்டுங்க டாக்டர். வூட்ல எல்லாருமே அதைத்தான் சொல்றாங்க. என்ன ஆனாலும் நாங்க பாத்துக்கறமுங்க" என்றான். டாக்டர் ஹேமலதா அவனைப் பார்க்கவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்து கோகிலா பக்கம் திருப்பினார். "இதுல அவங்க கையெழுத்துதான் வேணும். கோகிலா, நீ சொல்லு." எழுத்துகள் அடுக்கடுக்காக நின்றன, படிக்கப் படிக்கக் கலைந்தன. வாய் ஒரு தடவை பழகிவிட்டதால் சுலபமாக வந்தது. "ஒத்தைய வெச்சுக்கறனுங்க." ஈஸ்வரமூர்த்தி நாற்காலியோடு திரும்பினான். "கோகிலா, என்ன சொல்ற நீயி? நேத்துகூட ஒண்ணுஞ் சொல்லலியே!" நேற்று யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்கு நிறைய மூச்சு வேண்டியிருந்தது, விட்டுவிட்டாள். டாக்டர் மறுபடியும் கேட்டார், யாராவது பயமுறுத்தினார்களா, நன்றாக யோசித்தாயா, இன்னொரு நாள் வருகிறாயா. இல்லீங்க. ஆமாங்க. வேண்டாமுங்க. கையெழுத்து இந்தத் தடவை நேராக வந்தது. "மாமா, நீங்க வெளிய இருங்க" என்றாள். அவன் எழுந்து, துண்டை எடுத்து, இந்தத் தடவை அவள் தோளில் போட்டுவிட்டு வெளியே போனான். கதவு மெதுவாகத்தான் மூடியது.

படுக்கையில் காகித விரிப்பு சரசரத்தது. வயிற்றில் பூசிய பசை சில்லென்றது. விளக்கை அணைத்தார்கள். ஸ்கேன் திரை வழக்கம்போல டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது, அவளுக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் கண்ணாடியில் விழுந்த நீல வெளிச்சம். முதலில் மரத்துப்போக ஊசி போடறேன், சுருக்குன்னு இருக்கும், அப்புறம் இழுக்கிற மாதிரி இருக்கும், அசையாம இரு தாயி. அசையவில்லை. மரத்துப்போக இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது, டாக்டரிடம் அதெல்லாம் கேட்க முடியுமா. கூரையில் சதுரச் சதுரமான பலகைகள், ஒன்றில் மட்டும் தண்ணீர் இறங்கிப் பழுப்பாகத் திட்டு. அந்தத் திட்டில் ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ரப்பர் உறைக்குள் இருந்த கை, சூடும் இல்லை குளிரும் இல்லை. ஏதோ இழுத்தது. டாக்டர் மூச்சு விடாமல் இருந்தது தெரிந்தது. பிறகு விட்டார். "ஒண்ணு" என்றார் நர்ஸிடம், தாழ்ந்த குரலில். மறுபடி இழுத்தது. ஈஸ்வரமூர்த்திக்கு மத்தியானம் சாப்பாடு எங்கே என்று நினைத்தாள், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெஸ்ஸில் சாம்பார் நன்றாக இருக்கும், அவனுக்குப் பிடிக்கும். டாக்டர் மறுபடியும் மூச்சு விட்டார். இந்தத் தடவை எண் சொல்லவில்லை. விளக்கைப் போட்டார்கள். அதுங்க வெளிய வராது, உள்ளயே சுருங்கி ஒட்டிக்கும், பயப்படாத, இது நல்லா இருக்கு, துடிப்பு நல்லா இருக்கு என்றார். இவள் ம் என்றாள். கன்னத்தில் ஏதோ ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள், பசைதான், எப்படியோ பட்டிருக்கிறது.

ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் என்று திரை போட்ட கட்டிலில் விட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி வந்து கால்மாட்டில் நின்றான். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். உட்கார்ந்து, ஒரே சுருளாகத் தோல் வர உரித்து, சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரையெல்லாம் நகத்தால் எடுத்து, ஒன்று ஒன்றாக அவள் கையில் வைத்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். கோபம் இல்லை. கண் சிவந்து வீங்கியிருந்தது, எங்கோ மாடிப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். இவனுக்கு முப்பத்தொன்பது வயசு. இனி ஒரு தடவை இதற்கெல்லாம் வரப்போவதில்லை, வர உடம்பில் தெம்பில்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு சுளை தின்ற பிறகு அவன் கேட்டான், அவள் முகத்தைப் பார்க்காமல், பழத்தைப் பார்த்துக்கொண்டு.

"உள்ள... அந்த ரெண்டும் என்னன்னு, ஏதாச்சும் வாய் தவறி சொன்னாங்களா?"

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். ஆனால் இல்லை என்று சொன்னால் இந்த மனுஷன் சாகிற வரைக்கும் இரண்டு பையன்களை எண்ணிக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், இப்போது வண்டி ஓட்டப் பழகியிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி மருகுவான். உள்ளே மிஞ்சி இருப்பதை, அது எதுவானாலும், அந்த இரண்டின் பக்கத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பான். அவ்வளவு தூரம் யோசித்துத்தான் சொன்னாளா என்றால் அதுவும் தெரியாது. அவனை நிம்மதியாக விட்டால் போதும் என்றிருந்தது.

"பொண்ணுங்களாம்" என்றாள்.

"ரெண்டுமா?"

"ம்."

ஈஸ்வரமூர்த்தி மூச்சை இழுத்து விட்டான். நீளமான மூச்சு, ஒன்பது நாளாக அடைத்து வைத்திருந்தது. தோள் இறங்கியது. முகத்தில் இத்தனை நாள் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று கலைந்து, பழைய ஈஸ்வரமூர்த்தியாக அவள் பக்கம் திரும்பி, அவள் நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டான். கையில் ஆரஞ்சு வாசம்.

"அப்பப் பரவால்ல அம்மிணி" என்றான்.

இன்னொரு சுளையை நீட்டினான். அவளால் அதை வாங்க முடியவில்லை. அடிவயிற்றில், ஊசி இறங்கிய இடத்தில், வலி தொடங்கியிருந்தது. முதலில் சுருக்கென்று ஒரு புள்ளியாக, பிறகு பக்கத்தில் இன்னொரு புள்ளியாக, இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. அது எட்டத்தில் இல்லை, யாருடையதோ இல்லை. இந்த ஆளை இந்த நிமிஷத்தில் வெறுக்கிறேன் என்று கோகிலவாணி தெளிவாக நினைத்தாள். இல்லாத இரண்டு பெண்களுக்காக, இல்லாமல் போன இரண்டு எதுவோவுக்காக, வாயைத் திறந்து அழத் தொடங்கினாள். அவன் பதறிப்போய், வலிக்குதா, நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று எழுந்து நின்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.